குணாவுக்கு: அலாரம் ரிசீவரைத் தூரத்திலிருந்து சோதிப்பது பற்றி

சுங்கை சிப்புட்

அன்புள்ள குணா,

கடிதம் கிடைத்தது. பெட்டாலிங் ஜெயாவில் புது வேலை மனதுக்குப் பிடித்துப்போனதில் எங்களுக்கும் மகிழ்ச்சி. மகள் படிவம் ஐந்துக்கு வந்துவிட்டாள் என்பதை நம்பவே முடியவில்லை. இங்கே எல்லாரும் நலம். டவுனுக்குள் பழைய செம்புக் கம்பி லைன்களை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டுக்கொண்டே வருகிறார்கள். தோட்டத்து ஆபீஸ் பக்கம் மட்டும் செம்பனைக்கு நடுவே இன்னும் பழைய கம்பங்கள் நிற்கின்றன.

வாடிக்கையாளர் இடங்களில் இருக்கும் அலாரம் பேனல்கள் அனுப்பும் செய்திகளை வாங்கும் உங்கள் கண்காணிப்பு நிலையத்து ரிசீவரை இங்கிருந்தே சோதிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். வெளியூரிலிருந்து செய்தால்தான் அதற்குச் சோதனை என்றே பெயர். ரிசீவர் பக்கத்திலேயே பேனலை வைத்து, ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில் செருகிப் பார்த்தால் ரிசீவருக்கு உயிர் இருக்கிறதா என்று தெரியும், அவ்வளவுதான். தோட்டத்து ஸ்டோரில் தொங்கும் பேனலின் சிக்னல் வரும் வழியே வேறு.

தொலைபேசி லைனிலிருந்து ஆரம்பிக்கலாம். முதல் கருவி காதுதான். சாதாரண போனிலிருந்து ரிசீவர் நம்பரைக் கூப்பிடு. எடுத்த ஓரிரு விநாடியில் தாழ்ந்த சுருதியில் ஒரு ‘பிப்’, அதையொட்டி உயர்ந்த சுருதியில் இன்னொன்று கேட்க வேண்டும். 1400 ஹெர்ட்ஸ் 100 மில்லிவிநாடி, அதே அளவு அமைதி, பிறகு 2300 ஹெர்ட்ஸ் 100 மில்லிவிநாடி. பேனல்கள் எண்களை ஒலியாக அனுப்பும் காண்டாக்ட் ஐடி முறையின் ஹேண்ட்ஷேக், அதாவது ‘அனுப்பலாம்’ என்ற அழைப்பு, இதுதான். நீ பதில் தராததால் ரிசீவர் சில விநாடி பார்த்துவிட்டு, பழைய பல்ஸ் முறைகளுக்கான ஒற்றை ஒலி, எஃப்எஸ்கே என்ற இன்னொரு அனுப்பும் முறை என்று தன் வரிசைப்படி அடுத்தடுத்துப் போகும். அந்த வரிசையைக் குறித்துக்கொள். காண்டாக்ட் ஐடி கடைசியில் இருந்தால், சில பேனல்கள் அதுவரை காத்திருக்காமல் லைனை வைத்துவிடும். உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் காண்டாக்ட் ஐடிதான் என்றால் அதை முதலிடத்துக்குக் கொண்டு வரச் சொல்.

அடுத்து நிஜ செய்தி. சோதனைக்கென்றே ஒரு கணக்கு எண் ஒதுக்கு, வாடிக்கையாளர் எண்ணைத் தொடாதே. கன்ட்ரோல் ரூமில் சொல்லி அந்தக் கணக்கை டெஸ்ட் நிலையில் போட வை. தீ, திருட்டுக் குறியீடுகள் எதுவும் வேண்டாம். தீக்கான 110 என்று ஒன்று தவறிப் போனால் பொம்பா (தீயணைப்பு) வண்டி கிளம்பிவிடும். 602, அதாவது பேனல் குறித்த இடைவெளியில் அனுப்பும் பீரியாடிக் டெஸ்ட், போதும். கணக்கு 1234 என்று வைத்துக்கொண்டால் போக வேண்டியது இது:

1234 18 1602 00 000 2

மொத்தம் 16 இலக்கம். 18 செய்தி வகை, 602-க்கு முன்னால் உள்ள 1 புதிய நிகழ்வு, பின்வரும் பூஜ்யங்கள் பிரிவும் மண்டலமும். கடைசி 2 செக்சம், அதாவது சரிபார்ப்பு இலக்கம். மற்ற 15 இலக்கங்களையும் கூட்டு. பூஜ்யத்தை 10 என்று எண்ண வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். கூட்டினால் 88 வரும். அடுத்த 15-இன் மடங்கு 90, ஆக மிச்சம் 2. ஒவ்வொரு இலக்கமும் 50 மில்லிவிநாடி ஒலி, 50 மில்லிவிநாடி இடைவெளி. ரிசீவருக்குச் செக்சம் ஒத்துவந்தால் 1400 ஹெர்ட்ஸில் குறைந்தது 750 மில்லிவிநாடி நீள ஒலி ஒன்று தரும். அதுதான் கிஸ்-ஆஃப், ‘கிடைத்தது’ என்ற பதில். ஒன்றேகால் விநாடிக்குள் அது வராவிட்டால் பேனல் மறுபடி அனுப்பும். மொத்தம் நான்கு முறை.

602-ஐச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் செய்தியில் ஐந்து பூஜ்யங்கள் தொடர்ந்து வருகின்றன. இணைய வழித் தொலைபேசி கெடுப்பது முதலில் இதைத்தான். ஃபைபர் வீட்டில் பேனல் செருகியிருப்பது மோடத்தின் போன் துளையில். அது ஒலியைப் பொட்டலமாக்கி அனுப்புகிறது. ஜி.729 போல ஒலியைச் சுருக்கும் கோடெக் (குறியாக்க முறை) என்றால் ஒலியின் வடிவமே சிதைந்துவிடும். அவ்வளவாகச் சுருக்காத ஜி.711 ஆக இருந்தாலும், டயல் ஒலியைத் தனியே பிரித்தெடுத்து மறுமுனையில் புதிதாக உண்டாக்கும் வசதி இயங்கினால் நீளமும் இடைவெளியும் மாறும். இடைவெளி விழுங்கப்பட்டால் இரண்டு பூஜ்யம் ஒன்றாகிவிடும். ரிசீவர் லாக்கில், அதாவது அதன் பதிவேட்டில், 16-க்குப் பதில் 15 இலக்கம் தெரியும். ஹேண்ட்ஷேக் தெளிவாகக் கேட்டும் கிஸ்-ஆஃப் வரவில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிசகு என்றால் சந்தேகம் இதன் மேல்தான். ஒலியைக் குரலோடு சேர்த்தே அனுப்பும்படி அமைத்து, அமைதியைச் சுருக்கும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். செம்புக் கம்பியில் நோய் வேறு விதம்: பிசகு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இலக்கத்தில் விழும். இணைப்புகளில் ஈரம் ஏறிக் கரகரப்பு வரும். அதனால் தோட்டத்து லைன்களை வெயில் நேரத்தில் சோதித்துத் தேறிவிட்டது என்று எழுதாதே. சாயங்கால மழை விட்டதும் சோதி.

இனி நீ கேட்காத ஒன்று. உங்கள் நம்பர் ஹன்டிங் குழுவில் இருக்கும்: ஒரே நம்பர், பின்னால் நான்கைந்து லைன். அமைதியான நேரத்தில் எத்தனை தடவை கூப்பிட்டாலும் முதல் லைன் கார்டில்தான் விழும். மூன்றாவது லைன் செத்துக் கிடந்தால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. வட்டாரம் முழுக்கக் கரண்ட் போய் எல்லாப் பேனல்களும் 301 (கரண்ட் இல்லை) சொல்லக் கூப்பிடும் நேரத்தில்தான் வெளிப்படும். அதுவும் மணி அடித்தும் எடுக்காத லைன் என்றால், எங்கேஜ் இல்லாததால் குழு அடுத்ததற்குத் தாவாது, அழைப்பை விழுங்கிவிடும். ஒவ்வொரு லைனுக்கும் தனி நம்பர் இருந்தால் வாங்கி வை. இல்லையென்றால் ஒரு போனால் முதல் லைனைப் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டாவது போனில் கூப்பிடு, இரண்டையும் பிடித்துக்கொண்டு மூன்றாவது. பதில் தராத அழைப்பை ரிசீவர் சீக்கிரம் துண்டித்துவிடும் என்பதால் கைகள் வேகமாக இருக்க வேண்டும். லாக்கில் லைன் எண் பதிவாகும். எல்லா எண்ணும் வந்தாயிற்றா என்று பார்.

இணையப் பக்கம் வருவோம். போர்ட் திறந்திருக்கிறது என்பது கதவு இருப்பதற்கு மட்டுமே சாட்சி. உங்கள் அலுவலக நெட்வொர்க்குக்கு வெளியே, கைப்பேசியின் 4ஜி ஹாட்ஸ்பாட்டிலிருந்து, அலாரம் செய்திகளை இணையத்தில் அனுப்பும் எஸ்ஐஏ டிசி-09 முறையில் ஒரு ‘நல்’ (null), அதாவது வெற்றுச் செய்தி அனுப்பு. ஆக் (ACK, ‘ஏற்றேன்’ என்ற பதில்) வந்தால் அடுத்து அதே 602. நாக் (NAK, ‘ஏற்கவில்லை’ என்ற பதில்) வந்தால் முதலில் கடிகாரத்தைப் பார். மறையாக்கம் செய்த செய்தியில் நேர முத்திரை கட்டாயம், அது கிரீன்விச் நேரமாக இருக்க வேண்டும். நம் நேரம் 8 மணி நேரம் முந்தியது. ரிசீவர் ஏற்பது 20 விநாடி முந்தலும் 40 விநாடி பிந்தலும்தான். நாக்கோடு ரிசீவர் தன் நேரத்தையும் அனுப்பும், நல்ல பேனல் அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆகவே ஒரு நாக், உடனே ஆக் என்றால் கவலை வேண்டாம். நாக் மேல் நாக் வந்தால் யாரோ மலேசிய நேரத்தைக் கையால் போட்டிருக்கிறார்கள். பதிலே இல்லாவிட்டால் சிஆர்சி (செய்தியின் பிழைச் சரிபார்ப்பு எண்), மறையாக்கச் சாவி, ஃபயர்வால் என்று அந்த வரிசையில் பார்ப்பேன்.

உங்களிடம் இரண்டு இணைய இணைப்பு இருப்பதாக எழுதியிருந்தாய். இரண்டு முகவரியையும் தனித்தனியே சோதி. செய்தி இரண்டாம் இணைப்பு வழியாக வர, ரவுட்டர் பதிலை முதல் இணைப்பு வழியாக அனுப்பிவிடும் அமைப்பு நிறைய இடத்தில் இருக்கிறது. ரிசீவர் லாக்கில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். பேனலோ, கேட்காத முகவரியிலிருந்து வந்த பதில் என்று தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். லாக்கில் ஒரே 602 இரட்டை இரட்டையாகத் தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படு.

கிஸ்-ஆஃபோ ஆக்கோ வந்ததும் சோதனை முடிந்தது என்று நினைக்காதே. ரிசீவர் வாங்கிக்கொண்டது, அதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. ஆபரேட்டர் திரையில் வரி விழுந்ததா, சரியான கணக்கில் விழுந்ததா, எத்தனை விநாடி கழித்து என்பதை அங்கே ஒருவர் போனில் வாய்விட்டுப் படித்துச் சொல்ல வேண்டும். ரிசீவருக்கும் மென்பொருளுக்கும் நடுவே இருக்கும் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு முறை அனுப்பிப் பார். ரிசீவர் சத்தம் போட வேண்டும். திரும்பச் செருகியதும், சேர்த்து வைத்ததைக் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் எனக்கு எழுது.

கடைசியாக, மௌனத்தையும் சோதி. இங்கே நான் பேனலின் கேபிளைப் பிடுங்கிவிட்டு நேரம் குறிக்கிறேன், அங்கே தொடர்பு அறுந்தது என்று எப்போது திரையில் வருகிறது என்று நீ குறி. நாளுக்கு ஒரு 602 மட்டும் என்றால் ஒரு நாள் முழுக்கத் தெரியாமல் போகலாம், அதை வாடிக்கையாளரிடம் மறைக்காதே. ஃபைபர் வீடுகளில் இன்னொன்று: செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. இப்போது கரண்ட் போனால் மோடமும் போகும். பேனலுக்குள் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தும் பயனில்லை, மோடத்துக்கும் யூபிஎஸ் வேண்டும். கைப்பேசி நெட்வொர்க் வழியாக மாற்று வழி இருந்தால் அதன் மோடம் எந்தத் தலைமுறை என்று கேள். 2021 முடிவோடு 3ஜி நிறுத்தப்பட்டதே.

ஒவ்வொரு லைனின் நம்பரையும், இரண்டு ஐபி முகவரியையும், போர்ட்டையும், சோதனைக் கணக்கின் சாவியையும் அனுப்பு. சாவியை மற்றவற்றோடு சேர்த்து அனுப்பாதே, போனில் சொல். வியாழக்கிழமை நாலு மணிக்கு மேல் ஆள் ஒருவரைத் திரை முன் உட்கார வை. அந்த நேரத்தில் இங்கே மழை பெய்தால் இன்னும் நல்லது.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். தீபாவளிக்கு இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
ராமு