வருஷத்த விடு மச்சான், மாசத்தக் கேளு

டேய் மச்சான்,

உன் மெயில் வந்து நாளாச்சு, உடனே பதில் போடணும்னு தான் இருந்தேன், வீட்ல பெயின்ட் வேலை, அது முடியறதுக்குள்ள பையனோட காலேஜ் அட்மிஷன் அலைச்சல், அப்படியே தள்ளிப் போச்சு, கோச்சுக்காத. தங்கச்சி எப்படி இருக்கா? பொண்ணு வேலைல சேந்துட்டாளாமே, ரொம்ப சந்தோஷம்டா, நேத்து தான் ஸ்கூல் பேக்க இழுத்துட்டுப் போன மாதிரி இருக்கு. எனக்கு இடது முட்டி தான் கொஞ்சம் தகராறு, டாக்டர் கிளட்ச் மிதிக்கிறதக் கொறச்சுக்கங்கன்னார், நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன், அதுக்கு மேல கேக்காத.

சரி, விஷயத்துக்கு வரேன். இந்த வயசுல போய் பிஎம்டபிள்யூவோட பழைய ஈ39 எம்5, அதான் அந்த 5 சீரிஸோட வேகமான மாடல், அத வாங்கப் போறேன்னு எழுதிருக்க பாரு, படிச்சதும் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் உக்காந்து யோசிச்சா இத விட நல்ல வயசு எது. இருபத்தஞ்சு வயசுல இந்த வண்டி கைல கிடைச்சிருந்தா ஒண்ணு நம்மள முடிச்சிருக்கும், இல்ல நாம அத முடிச்சிருப்போம். இப்ப வர்ற புது எம்5 ஹைப்ரிட், 727 குதிரை சக்தி, ஆனா எடை 2400 கிலோவத் தாண்டுது. நீ பாக்குறது 1800 கிலோவுக்குள்ள, 4.9 லிட்டர் வி8, டர்போ கிடையாது, ஆறு கியர், எல்லாமே மேனுவல், ஆட்டோமேடிக்னு ஒண்ணு அந்த வண்டிக்கு வரவே இல்ல. 400 குதிரை சக்தி இன்னிக்குக் கணக்குக்குப் பெரிசில்ல தான், ஆனா எட்டு சிலிண்டருக்கு எட்டு த்ராட்டில், அதான் காத்த உள்ள விடற மூடி, தனித்தனியா தொறக்கறப்ப வர்ற சத்தமும் கால் வச்ச உடனே கிடைக்கிற இழுப்பும் இருக்கே, அத நீயே ஓட்டிப் பாத்துக்கோ.

நீ எழுதுன மூணு வண்டியும் பாத்தேன், 2000 மாடல் ஒண்ணு, 2001 ஒண்ணு, 2003 ஒண்ணு. எல்லாரும் உன்கிட்ட 2001க்கு மேல எடுன்னு சொல்றாங்கன்னு எழுதிருக்க. அப்படித் தான் சொல்வாங்க. காரணம் என்னன்னா 2000 செப்டம்பர்ல இருந்து வந்த வண்டிங்க ஃபேஸ்லிஃப்ட், அதாவது மேல்தோற்றத்தக் கொஞ்சம் மாத்துனது, முன்னாடி லைட்ல அந்த வட்டம் வட்டமா எரியுற வளையம், பின்னாடி எல்இடி லைட், சின்ன மூணு கம்பி ஸ்டியரிங், நடுவுல அகலமான ஸ்க்ரீன். பாக்க நல்லா இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா மச்சான், இதெல்லாம் கழட்டி மாட்டுற சாமான். என்கிட்ட இருக்கறது 2000 ஜூன்ல கட்டுன வண்டி, எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் புது லைட்ட வாங்கி மாட்டிட்டார், பாக்குறவன்லாம் இது 2002 தானேன்னு கேக்குறான், நானும் ஆமான்னு விட்டுடறேன்.

என்னைக் கேட்டா நீ கோடு போட வேண்டியது 2000 செப்டம்பர்ல இல்ல, 2000 மார்ச்ல. இத யாரும் பெரிசா பேச மாட்டாங்க, ஏன்னா வெளில இருந்து பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்தச் சமயத்துல தான் இஞ்சின்ல பிஸ்டன் ரிங்க, அதான் ஆயில் மேல ஏறி எரியாம தடுக்கற வளையத்த, மாத்துனாங்க. அதுக்கு முன்னாடி வந்த வண்டிங்களுக்கு 10டபிள்யூ-60ன்னு கெட்டி ஆயில் போடச் சொன்னாங்க, அதுக்கப்புறம் வந்ததுக்கு 5டபிள்யூ-30. பழைய ரிங் வச்சது ஆயில் குடிக்கும். சிலது கொஞ்சமா, சிலது டிக்கில எப்பவும் ஒரு கேன் வச்சிட்டே சுத்தணும்ங்கற அளவுக்கு. ஆயில் ஊத்திக்கலாமே, அதுல என்னன்னு நீ கேப்ப, உன்னத் தெரியாதா. ஊத்துறது பிரச்சனை இல்லடா, அது எங்க போகுதுங்கறது தான் பிரச்சனை. எரிஞ்ச ஆயில் கரியா மாறி சிலிண்டர் ஹெட்டுக்குள்ள இருக்கற செகண்டரி ஏர் ஓட்டைங்கள அடைச்சுடும். ஸ்டார்ட் பண்ண உடனே எக்ஸாஸ்ட்ல கொஞ்சம் காத்த அனுப்பி புகையச் சுத்தம் பண்றதுக்காக வச்ச வழி அது. அது அடைஞ்சா செக் இஞ்சின் லைட் வந்து உக்காந்துக்கும், புகை டெஸ்ட்ல நிப்பாட்டிடுவான், ஓடுறதுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா நல்லாத் தான ஓடுதுன்னு அப்படியே விடவும் முடியாது. லேசா அடைச்சிருந்தா கெமிக்கல் ஊத்தி ஊற வச்சு கம்பி விட்டுக் குத்தி எடுப்பாங்க, ரொம்ப இறுகிப் போயிருந்தா ஹெட்டையே இறக்கணும்பாங்க. லைட்ட மாத்திக்கலாம், ஸ்டியரிங்க மாத்திக்கலாம், ரிங்க மாத்தணும்னா மொத்த இஞ்சினயும் பிரிக்கணும், அதான் நான் மாசத்தப் பிடிச்சுத் தொங்குறேன். கரி ஏறுறது பின்னாடி வந்த வண்டிலயும் உண்டு, முழுசாத் தப்பிச்சதுன்னு எதுவும் இல்ல, ஆனா ஆயில் கம்மியா எரிஞ்சா கரியும் கம்மி, அவ்வளவு தான் கணக்கு.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. 2000 மாடல்னு விக்கிறானே, அதுல ரெண்டு பக்கமும் வரும். மாடல் வருஷம்ங்கறது காலண்டர் வருஷம் இல்ல, அமெரிக்காவுக்குப் போன 2000 மாடல்ல 1999 கடைசில கட்டுனதும் இருக்கு, 2000 கோடைல கட்டுனதும் இருக்கு, ரெண்டு வண்டிக்கும் விளம்பரத்துல ஒரே வருஷம் தான் போடுவான். வின் நம்பர்ல, அதான் ஒவ்வொரு வண்டிக்கும் தனியா குடுக்கற அடையாள நம்பர்ல, பத்தாவது எழுத்தப் பாத்தா அமெரிக்க வண்டிக்கு மாடல் வருஷம் மட்டும் தெரியும், ஒய்னா 2000, 1னா 2001, ஆனா மாசம் தெரியாது. முழு வின் நம்பர வாங்கி டீலர்கிட்டயோ ஆன்லைன்லயோ போட்டுப் பாத்தா எந்த மாசம் கட்டுனாங்கன்னு வந்துடும், அமெரிக்க வண்டின்னா டிரைவர் கதவுப் பக்கம் ஸ்டிக்கர்லயே மாசம் வருஷம் போட்டிருக்கும். வின் நம்பர் கேட்டா தர யோசிக்கிற ஆள்கிட்ட மேற்கொண்டு பேசாத, வண்டி எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

இப்ப அந்த 2003. கடைசி வருஷ வண்டின்னு ஒரு மோகம் இருக்கும், 98ல ஜெனீவால காட்டி 2003 நடுவுல நிறுத்திட்டாங்க, மொத்தமே இருபதாயிரத்துச் சொச்சம் தான் கட்டுனாங்க, அதுல கடைசி வருஷம்னா வெச்சிருக்கறவன் ஒரு படி மேல தான் பேசுவான். ஆனா நீ அனுப்புன விவரத்தப் பாத்தா கிலோமீட்டர் கம்மி, பில்லு அதவிடக் கம்மி. அதான் எனக்கு உறுத்துது. ஓடாம நின்ன வண்டில ரப்பர் எல்லாம் இறுகிப் போயிருக்கும், கூலிங் சிஸ்டத்துல இருக்கற பிளாஸ்டிக் சாமானுக்கு நீ ஓட்டுனியா நிறுத்துனியான்னு கவலை இல்ல, வயசானா விரியும். மீட்டர் போர்டுல எழுத்துங்க கோடு கோடா மறையுற வியாதி 2003லயும் உண்டு. ஓட்டாத வண்டி நல்ல வண்டிங்கறது விக்கிறவன் கிளப்பி விட்டது, நான் நம்புறதில்ல. இருபது வருஷம் ஒழுங்கா ஓடி, ஒழுங்கா ஆயில் மாத்தி, எல்லாத்துக்கும் பேப்பர் வச்சிருக்கற வண்டியத் தான் நான் எடுப்பேன், சீட்டு கொஞ்சம் கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல.

எந்த வருஷமா இருந்தாலும் வேனாஸக் காது குடுத்துக் கேக்கணும். கேம்ஷாஃப்ட்ட முன்ன பின்ன திருப்பி வால்வ் தொறக்குற நேரத்த மாத்துற ஏற்பாடு அது, இந்த இஞ்சின்ல இன்டேக் பக்கமும் எக்ஸாஸ்ட் பக்கமும் ரெண்டு வரிசைக்கும் உண்டு, ஆயில் பிரஷர்ல வேலை செய்யுது. உள்ள சீல் தேஞ்சா ஆறிப்போன இஞ்சின ஸ்டார்ட் பண்றப்ப தகர டப்பால கோலிக்குண்டு போட்டு குலுக்குன மாதிரி ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரத்துல நின்னுட்டா பயப்படாத, பழைய வண்டிங்கள்ல பாதி அப்படித் தான் எந்திரிக்கும், சூடான பிறகும் சத்தம் நிக்கலன்னா தான் பையப் பிடிச்சுக்கணும். இஞ்சின் செயின் விலகாமப் பிடிச்சுக்கற செயின் கைடுன்னு ஒரு பிளாஸ்டிக் சமாச்சாரம் இருக்கு, அது நொறுங்குனாலும் முன்பக்கம் சத்தம் வரும், அதுக்கு வேலை ரொம்பப் பெரிசு, வேனாஸயும் செயினயும் ஒண்ணா எப்ப பிரிச்சாங்கன்னு பில்லுல தேடு, பிரிச்சிருந்தா அது ஒரு பெரிய பிளஸ்.

அதனால நீ போற அன்னிக்கு வண்டி ஆறிப்போய் இருக்கணும்னு முன்னாடியே சொல்லி வை, போன உடனே பானட் மேல கைய வை. சூடா இருந்தா, சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேன் சார்ங்கற கதை வரும், நம்பாத, இன்னொரு நாள் வரேன்னு சொல்லிட்டுக் கிளம்பு. ஸ்டார்ட் பண்ணதும் டேகோமீட்டரப் பாரு, அந்த வண்டில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அது தான், ஆயில் ஆறியிருக்கறப்ப மேல் ஆர்பிஎம் பக்கம் லைட் வரிசையா எரியும், ஆயில் சூடாக சூடாக ஒவ்வொண்ணா அணைஞ்சு 7000 வரைக்கும் உனக்கு வழி விடும். ஆயில் டெம்பரேச்சருக்குத் தனி மீட்டரும் இருக்கு. விக்கிறவன் லைட் எரியறப்பவே ஆக்சிலரேட்டர அமுக்கிக் காட்டுறானா, அவன் வண்டிய எப்படி வச்சிருந்தான்னு நீ வேற யாரையும் கேக்கவே வேணாம்.

ஓட்டறப்ப நாலாவது கியர்ல மெதுவாப் போய் முழுசா மிதி, ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறலன்னா கிளட்ச் முடிஞ்சுது. நெடுஞ்சாலை வேகத்துல பிரேக் போடறப்ப ஸ்டியரிங் உதறுனா முன்பக்க த்ரஸ்ட் ஆர்ம் புஷ், சக்கரத்தப் பிடிச்சிருக்கற கம்பியோட ரப்பர் அது, சில்லறை வேலை, விலையக் கொறைக்க உதவும். இழுப்பு மந்தமா இருக்கு ஆனா லைட் எதுவும் எரியலன்னா இஞ்சினுக்குள்ள போற காத்த அளக்கற ரெண்டு ஏர் மீட்டர்ல ஒண்ணு தூங்கிட்டு இருக்கலாம். ஸ்டியரிங் நடுவுல கொஞ்சம் தளர்வா இருக்கும், அது கோளாறு இல்ல, வி8 உள்ள உக்காந்ததால ஆறு சிலிண்டர் வண்டில இருக்கற ரேக் ஸ்டியரிங்குக்கு இதுல எடம் இல்ல, பழைய முறைல பால் ஸ்டியரிங் வச்சாங்க. துரு பாக்க ஜாக் போடற எடம், டிக்கில நம்பர் பிளேட் மேல இருக்கற லைட்டச் சுத்தி, பெட்ரோல் மூடிப் பக்கம், இந்த மூணையும் குனிஞ்சு பாரு, முட்டி வலிச்சா என்ன நினைச்சுக்கோ.

2001 வண்டியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையேன்னு பாக்காத. அது நடுவுல நிக்குது, ரிங் புதுசு, லைட் புதுசு, குறைன்னு சொல்ல எதுவும் இல்ல, ஆனா ஓனர் ஆறு பேரு கை மாறியிருக்குன்னு நீ எழுதிருக்க. ஆறு பேர்ல ரெண்டு பேராவது ஓசி பெட்ரோல் கிடைச்ச மாதிரி ஓட்டியிருப்பாங்க. 2000 வண்டிக்கு ஓனர் ரெண்டே பேரு, பில்லு ஒரு ஃபைல் நிறைய இருக்குங்கற, வேனாஸ் வேலையும் முடிஞ்சிருக்கு. அது மார்ச்சுக்கு அப்புறம் கட்டுனதுன்னா என் ஓட்டு கண்ண மூடிட்டு அதுக்குத் தான். மார்ச்சுக்கு முன்னாடின்னா கூட உடனே தள்ளிடாத, ஆயில் எவ்வளவு ஊத்துறார்னு கேளு, எழுதி வச்சிருக்கற ஆளா இருந்தா காட்டுவார், கம்மின்னா அப்பவும் 2003ய விட எனக்கு அது தான் மேல். வளையம் வேணும்னா அப்புறம் மாட்டிக்கலாம், என் வண்டிக்கு மாட்டுன மாதிரி.

தங்கச்சி ஒத்துக்க மாட்டான்னு எழுதிருக்க. நாலு கதவு, பெரிய டிக்கி, பின்னாடி மூணு பேர் உக்காரலாம், பாக்க சாதாரண 5 சீரிஸ் மாதிரி தான் இருக்கும், பின்னாடி நாலு சைலன்சர் பைப்ப மட்டும் செவுத்துப் பக்கம் திருப்பி நிறுத்து. நான் போன் பண்ணிப் பேசணும்னா பேசுறேன், ஆனா நான் பேசுனா கெட்டுடும்னு நினைக்கிறேன், போன தடவை பைக் விஷயத்துல என் பேரு உங்க வீட்ல எடுபடல.

அந்த 2000 ஆள்கிட்ட வின் நம்பர வாங்கி முதல்ல எனக்கு அனுப்பு. 2003காரன்கிட்ட காலைல ஆறிப்போன இஞ்சின ஸ்டார்ட் பண்ற வீடியோ ஒண்ணு கேளு, பானட்ட தொறந்து வச்சு, கட் பண்ணாம, ஒரே ஷாட்ல. அனுப்பலன்னா அதுவும் ஒரு பதில் தான். அட்வான்ஸ் மட்டும் யாருக்கும் குடுத்துடாத, அடுத்த மாசம் எனக்கு லீவு இருக்கு, நானும் வரேன், ரெண்டு பேரும் சேந்தே போய்ப் பாப்போம்.

உன்,
பழைய ரூம்மேட்