முழு ஆவணம் இல்லாத பழைய படகுகளுக்கு உரிமைச் சான்று வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
மெரபேங்க், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பகுதிகளில் சிறு படகு வைத்திருப்போர்,
குவாசூலு-நேட்டால்.

பெறுநர்
முதன்மை அதிகாரி அவர்கள்,
தென்னாப்பிரிக்கக் கடல்சார் பாதுகாப்பு ஆணையம்,
டர்பன்.

நகல்: கப்பல் பதிவாளர் அவர்கள், பிரிட்டோரியா.

பொருள்: கைமாறி வந்த சிறு படகுகளின் உரிமையை நிலைநாட்ட, எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவான எழுத்து நடைமுறை வகுத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இம்மனுவின் ஆங்கிலப் பிரதியை முறைப்படி இணைத்துள்ளோம். அரசமைப்பின் 6-ஆம் பிரிவு பேர்சொல்லிக் குறிப்பிடும் மொழிகளில் தமிழும் ஒன்று என்பதால், கையெழுத்திடுகிற பெரியவர்கள் தாங்களே படித்தறிந்து கையெழுத்திடத் தமிழிலும் எழுதியிருக்கிறோம்.

பழைய ஸ்கீ போட் (கரையிலிருந்து கடலில் இறக்கும் சிறு மீன்பிடிப் படகு) ஒன்று விலைக்கு வருகிறது என்றால் வருவது ஒரு பொருள் அல்ல. ஃபைபர் உடல், இரண்டு அவுட்போர்டு மோட்டார்கள், டிரெய்லர், ரேடியோ, மிதவைச் சட்டை, ஒளிக்குண்டு என்று எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. இவற்றுள் அரசு தந்த உரிமைப் பேப்பர் கட்டாயமாக உள்ளது டிரெய்லருக்கு மட்டும். அது சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி வாகனம் என்பதால் அதற்கு ஆர்.சி.1 என்ற பதிவுச் சான்று உண்டு. கைமாறினால் 21 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. வாங்குகிறவர் அந்த ஆர்.சி.1-ஐக் கையில் வாங்கியதும் படகே தன் பெயருக்கு வந்துவிட்டதாக நிம்மதி அடைகிறார். டிரெய்லர் அவருடையது, சரி. அதன் மேல் இருக்கிற படகு யாருடையது என்று அந்தப் பேப்பரில் ஒரு வரிகூடக் கிடையாது.

இதே மயக்கம் ஆண்டுதோறும் எடுக்கிற தகுதிச் சான்றிலும் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் சிறு கலப் பாதுகாப்பு விதிகளின்படி, படகைச் சோதிக்கும் சர்வேயர் பார்ப்பது கடல் தகுதியை. சி வகை என்றால் கரையிலிருந்து 15 கடல் மைல், டி வகை என்றால் 5 கடல் மைல். அந்தத் தூரத்துக்கு ஏற்ற மிதப்பு, மோட்டார், பாதுகாப்புச் சாமான்கள் இருக்கின்றனவா என்பதே அவர் கேள்வி. உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில் விண்ணப்பித்தவர் சொன்ன பெயர் ஏறுகிறது. ஆனால் சந்தையில் அதைத்தான் ‘படகு பேப்பர்’ என்று நீட்டுகிறார்கள். ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள் மிக எளியது, செலவும் இல்லாதது: தகுதிச் சான்றின் முகப்பிலேயே ‘இது உரிமைக்கான சான்று அல்ல’ என்று தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். ஏமாற்று விற்பனையில் பாதி அந்த வரியிலேயே நிற்கும் என்பது எங்கள் கணிப்பு.

1998-ஆம் ஆண்டின் 58-ஆம் எண் கப்பல் பதிவுச் சட்டப்படி சிறு கலங்களையும் பதியலாம் என்பதை அறிவோம். ஆனால் பதிவேட்டில் ஏற, முதல் உரிமையாளரிடமிருந்து கடைசி ஆள் வரை விற்பனைச் சீட்டு விடுபடாமல் இருக்க வேண்டும். அந்தத் தொடர் அறுந்த படகுகளைப் பற்றியதே இந்த மனு.

தொடர் எங்கெங்கே அறுகிறது என்பதைச் சொல்கிறோம். கைச்சீட்டு எழுதாமல் ரொக்கத்துக்கு விற்றது மிகச் சாதாரணம். அதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சிக்கல் பெருகுவது உரிமையாளர் இறந்த படகுகளில். மகனோ மருமகனோ விற்றுவிடுகிறார். ஆனால் சொத்து நிர்வாகச் சட்டப்படி, சொத்து நிர்வாகத்தைக் கவனிக்கும் உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தின் எழுத்து அதிகாரம் இல்லாமல் இறந்தவரின் பொருளை விற்க எவருக்கும் உரிமை இல்லை, வீட்டார் அத்தனை பேரும் ஒப்புக்கொண்டாலும் கூட. சொத்து மதிப்பு 2,50,000 ரேண்டுக்கு உட்பட்டிருந்தால் நிறைவேற்றாளர் நியமனம் என்ற நீண்ட வழி தேவைப்படாமல், அதிகாரக் கடிதம் என்ற எளிய வழியிலேயே முடியும். இது பலருக்குத் தெரிவதில்லை. பத்து வருஷம் கழித்துக்கூட இந்தக் கடிதத்தைப் பெற்று, பழைய விற்பனையை உறுதிசெய்யும் சீட்டு ஒன்றை எழுதி வாங்கினால் அறுந்த இடம் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதை எல்லா அலுவலகமும் ஒரே மாதிரி ஏற்க வேண்டும் என்பதே கேட்பது.

அடுத்தது வங்கிக் கடன். தவணை முறையில் வாங்கிய படகுக்குக் கடைசித் தவணை கட்டும்வரை சொந்தக்காரர் வங்கிதான். முழு விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கும் அந்த உரிமை வந்து சேராது, ஏனென்றால் விற்றவரிடமே அது இருந்ததில்லை. வாகனப் பதிவேட்டில் ‘டைட்டில் ஹோல்டர்’ ஒரு கட்டம், ‘ஓனர்’ இன்னொரு கட்டம் என்று பிரித்து எழுதுகிறார்கள். வங்கியின் பெயர் முதல் கட்டத்தில் நிற்பதால் யாரும் ஏமாறுவதில்லை. படகுக்குக் கொடுக்கப்போகும் சான்றிலும் இந்த இரண்டு கட்டங்களும் வேண்டும். இன்சூரன்ஸ் நட்டஈடு கொடுத்துத் தனதாக்கிக்கொண்ட உடைந்த படகுகளுக்கும் இது பொருந்தும்.

காத்திருந்தால் உரிமை தானே வராதா என்று சிலர் கேட்கிறார்கள். வரும், 1969-ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி, சொந்தக்காரரைப் போல வெளிப்படையாக 30 ஆண்டுகள் இடைவிடாமல் வைத்திருந்தால். உப்புத் தண்ணீரில் ஓடும் படகின் டிரான்ஸம் (மோட்டார் மாட்டும் பின்சுவர்) ஒட்டுப்பலகை அத்தனை காலம் தாங்குவதில்லை.

இனி எண்கள். படகை அடையாளம் காட்டுவது எண்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். புதிய படகுகளில் டிரான்ஸத்தின் வலப்பக்கம் மேல் மூலையில் கட்டுமான எண் பதிந்திருக்கும். இங்கே கட்டிய பழைய படகுகள் பலவற்றில் அப்படி எதுவும் இல்லை. கட்டியவரின் சிறு தகடு மட்டும் இருந்திருக்கும், அதுவும் ரிவெட் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். எண் இருந்தும் தெரியாமல் போவதற்குக் காரணம் பெயிண்ட். ஒவ்வொரு முறை பூசும்போதும் பள்ளம் நிரம்புகிறது. உடனே உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பார்கள், அதுதான் கெடுதல். ஜெல்கோட் என்ற மேற்பூச்சில் எண் ஆழமாக இருப்பதில்லை, பெயிண்டோடு சேர்ந்து அதுவும் போய்விடும். தேய்த்த தடத்தைப் பார்க்கிற போலீஸ்காரருக்கு எண்ணை வேண்டுமென்றே அழித்ததாகத்தான் தோன்றும். ஃபைபருக்குக் கேடு செய்யாத பெயிண்ட் நீக்கியைத் தடவிச் சிறிது நேரம் ஊறவைத்து, பிளாஸ்டிக் சீவுளியால் மெல்ல எடுத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்து உரசினால் எண் தாளில் எழும்பி வரும். அந்தப் பென்சில் நகலோடு, அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தையும் சான்றாக ஏற்க வேண்டுகிறோம்.

மோட்டார் எண் வேறு கதை. டிரான்ஸத்தில் மாட்டுகிற பிராக்கெட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். மெர்க்குரி, ஜான்சன் மோட்டார்கள் பலவற்றில் சிலிண்டர் பிளாக்கை அடைத்திருக்கும் சிறு வட்ட உலோக மூடியிலும் எண் பொறித்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திருட்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உப்பு அரித்துப் பவர்ஹெட் (மோட்டாரின் மேல்பாகமான என்ஜின்) போனதும் வேறு மோட்டாரின் பவர்ஹெட்டைப் பழைய மோட்டாரின் கீழ்ப்பாகமான காலில் மாட்டுவது இந்தக் கரையில் அன்றாட வேலை. ஆகவே இரண்டு எண்களையும் தனித்தனியே எழுதி, இரண்டையுமே காவல்துறையின் திருட்டுப் பட்டியலில் சரிபார்க்க வேண்டும். மோட்டார் மாறிக்கொண்டே இருக்கும் பொருள். உரிமைச் சான்று ஃபைபர் உடலுக்கு என்றும், மோட்டார்கள் இணைப்புத் தாளில் என்றும் இருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழுச் சான்றையும் திருத்த வேண்டியிராது.

எண்ணே இல்லாத படகுக்கு என்ன செய்வது? வாகனங்களுக்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. சேசிஸ் எண் அழிந்த வண்டியைக் காவல்துறை சோதித்துத் திருட்டு இல்லை என்று தெளிந்தால், ‘சாப்வின்’ என்ற புது எண்ணைப் பொறித்துத் தருகிறது. அதே போலப் படகுக்கும் ஆணையம் ஒரு புது எண் வழங்கட்டும். வெளியே தெரியும்படி ஒரு இடத்திலும், தளத்துக்கு அடியில் கழற்றாமல் எட்ட முடியாத இன்னொரு இடத்திலும், ரெசினுக்குள் புதைத்துப் பதிக்கலாம். சாப்வின் வண்டிக்குச் சந்தையில் விலை குறைவு என்பது உண்மை. படகுக்கும் குறையட்டும், அதை ஏற்கிறோம்.

நீர் நிறைந்தாலும் படகு மிதக்கும் என்பதற்குக் கட்டியவர் தரும் மிதப்புச் சான்றும், அவர் தொழிலை மூடிவிட்டால் அதே குழியில் விழுகிறது. உள்ளே எவ்வளவு நுரை நிரப்பினார் என்று சொல்ல ஆளில்லை. சோதனை மூடி வழியே நுரையைப் பார்ப்பதும், எடைமேடையில் ஏற்றி உடல் நீர் குடித்திருக்கிறதா என்று அறிவதும் சர்வேயரால் முடிகிற வேலைதான். அவர் அறிக்கையைக் கட்டியவர் சான்றுக்கு ஈடாகக் கொள்ளலாம் என்று எழுத்தில் இருந்தால் போதும்.

நாங்கள் வேண்டும் நடைமுறை இது. விண்ணப்பதாரர் கையில் உள்ள ரசீது, பழைய தகுதிச் சான்றுகள், இன்சூரன்ஸ் சீட்டு, டிரெய்லரின் ஆர்.சி.1, தேதியுள்ள படங்கள் ஆகியவற்றோடு, உறுதிமொழி ஆணையர் முன் கையெழுத்திட்ட வாக்குமூலம் தரவேண்டும். யாரிடம், எப்போது, என்ன விலைக்கு வாங்கினார், எந்தப் பேப்பர் ஏன் இல்லை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘தொலைந்துவிட்டது’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்க வேண்டாம். பிறகு காவல்துறைச் சோதனை. அதன்பின் ஆணையத்தின் கோப்பில் கடைசியாகப் பெயர் உள்ளவருக்கு அறிவிப்பு. இங்கேதான் இப்போது வழி அடைபடுகிறது: தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் அந்த முகவரியை அலுவலகம் எங்களிடம் தர முடியாது, தரவும் வேண்டாம். நாங்கள் தபால் செலவோடு கடிதத்தைத் தருகிறோம். அலுவலகமே முகவரி எழுதி அனுப்பட்டும். கூடவே உள்ளூர்ப் பத்திரிகையிலும், படகு இறக்கும் இடத்தின் அறிவிப்புப் பலகையிலும் 30 நாள் விளம்பரம். ஷெல்லி பீச்சிலோ ராக்கி பேயிலோ ஒரு படகு யாருடையது என்று பதிவேடுகளைவிட அங்கே தினமும் நிற்கிறவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆட்சேபம் வராவிட்டால் ஓராண்டுக்குத் தற்காலிகச் சான்று தாருங்கள். அந்த ஓராண்டில் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று அதிலேயே எழுதுங்கள். அதன்பின் நிலையான சான்று. ஆட்சேபம் வந்தால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகட்டும். இரு தரப்பில் யார் சொந்தக்காரர் என்று தீர்ப்பது சர்வேயர் வேலை அல்ல. சான்று வந்தபிறகும் உண்மையான உரிமையாளர் ஒருவர் வந்தால் அவர் வழக்குரிமையை இந்தச் சான்று பறிக்காது என்ற வாசகமும் வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகள் இல்லாவிட்டால் திருட்டுப் படகைச் சலவை செய்து தருகிற வழியாக இது மாறிவிடும். மோட்டார் திருட்டால் முதலில் அடிபடுவது எங்கள் ஆட்களே.

மீன்பிடி உரிமத்தையோ வானொலி உரிமத்தையோ இதில் கலக்க வேண்டாம். அவை வேறு துறைகளின் பொறுப்பு. கடல்வாழ் வளச் சட்டத்தின் கீழ் வரும் கல உரிமம் உரிமைச் சான்றால் தானாகக் கிடைத்துவிடாது என்பதை அறிந்தே கேட்கிறோம்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், 2000-ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டப்படி எழுத்தில் காரணம் தர வேண்டுகிறோம்: எந்தப் பேப்பர் குறைகிறது, அதற்கு மாற்றாக எது ஏற்கப்படும் என்று. ‘பேப்பர் சரியில்லை’ என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால், அடுத்த தடவை எதைக் கொண்டுவருவது என்று எவருக்கும் தெரிவதில்லை. சிலர் வருவதையே விட்டுவிட்டு, சர்வேயர் கண்ணில் படாமல் படகை இறக்குகிறார்கள்.

வாக்குமூலத்துக்கும் விற்பனையை உறுதிசெய்யும் சீட்டுக்கும் மாதிரிப் படிவங்கள் தயாரித்து இத்துடன் இணைத்துள்ளோம். திருத்திப் பயன்படுத்திக்கொள்ளலாம். நடைமுறையைச் சோதித்துப் பார்க்க, எண் இல்லாத படகு ஒன்றும், உரிமையாளர் இறந்த படகு ஒன்றும், மோட்டார் எண்கள் ஒவ்வாத படகு ஒன்றும் டிரெய்லரோடு தாங்கள் சொல்லும் இடத்துக்குக் கொண்டுவரத் தயாராக இருக்கிறோம். நாள் குறித்துத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழே கையொப்பமிட்டுள்ள படகு உரிமையாளர்கள்

இடம்: டர்பன்

இணைப்பு: ஆங்கிலப் பிரதி, வாக்குமூல மாதிரி, உறுதிச் சீட்டு மாதிரி, கையொப்பத் தாள்கள்