அம்மாவின் ரிப்போர்ட் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். கொருக்குப்பேட்டை கேட் வழக்கம்போல மூடியே கிடக்கிறது. ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டில் வஞ்சிரம் விலையைச் சொல்லவே வாய் கூசுகிறது. உன் அம்மாவுக்கோ இப்போதுதான் வஞ்சிரம் வேண்டுமாம்.

ரத்த ரிப்போர்ட் உன் போனுக்கும் வந்திருக்கும். மார்புப் புற்றுநோய்க்காக ரத்தத்தில் பார்க்கிற சிஏ 15-3 எண் போன தடவை 48, இப்போது 96. முப்பதுக்குள் இருக்க வேண்டும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறான். அன்று ராத்திரி 'பார்த்தேன்' என்று எனக்கு ஒரு மெசேஜ் போட்டாய், அதோடு சரி. "அவனுக்கு வேலை ஜாஸ்தியா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன்.

டாக்டர் சொன்னதை எழுதுகிறேன், நிதானமாகப் படி. புது மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதல் நாலு, ஆறு வாரத்தில் மருந்து நன்றாக வேலை செய்தாலும் இந்த எண் ஏறிக் காட்டுவது உண்டாம். நோயே ஏறியிருக்கவும் கூடும், அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் இதை மட்டும் வைத்து மருந்தை மாற்ற மாட்டேன், ஸ்கேனும் பார்க்கணும், இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்றும் பார்க்கணும் என்றார். நோய் பரவியும் இந்த எண் ஏறாதவர்கள் இருக்கிறார்களாம். கல்லீரலில் வேறு கோளாறு இருந்தாலும் ஏறுமாம்.

அப்புறம், போன தடவை எடுத்த லேப் வேறு. இந்தத் தடவை தள்ளுபடி என்று நீ ஆன்லைனில் புக் பண்ணியது வேறு. சோதிக்கிற முறை மாறினால் எண்ணும் மாறும், எப்போதும் ஒரே இடத்தில் எடுங்கள் என்று டாக்டர் என்னைத்தான் கடிந்துகொண்டார். நல்லதுக்குத்தான் செய்தாய். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஹார்பரில் சரக்கை எண்ணிக் கணக்கு எழுதும் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். ஒருத்தன் மூட்டையை எண்ணி, இன்னொருத்தன் டன்னில் எழுதினால் கணக்கு எப்படி நேராகும்?

கல்லீரலில் ஊசி போட்டு எடுத்த பயாப்ஸியும் வந்துவிட்டது. 2017இல் மார்பில் எடுத்தபோது ஈஆர், பிஆர் என்கிற ஹார்மோன் ஏற்பிகள் ரெண்டும் பாசிட்டிவ். இப்போது ஈஆர் இருக்கிறது, பிஆர் போய்விட்டது. ஹெர்2 என்கிற புரதம் அன்றும் நெகட்டிவ், இன்றும் நெகட்டிவ். பரவின இடத்தில் கட்டியின் குணம் மாறுவது உண்டாம், பழைய ரிப்போர்ட்டை நம்பாமல் மறுபடி எடுத்தது அதற்குத்தான். ஈஆர் இருப்பதால் ஹார்மோன் மாத்திரைக்கு இன்னும் வழி இருக்கிறது என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

அம்மாவுக்குப் போன் பண்ணு. நம்பரைப் பற்றிப் பேசாதே. எண் எவ்வளவு என்று அவளுக்கே தெரியும், நீ பயந்துவிட்டாய் என்பதும் தெரியும். கத்தாரிலிருந்து பையன்தான் எல்லாச் செலவும் பார்க்கிறான் என்று தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்திருக்கிறாள். எனக்கும் பெருமைதான். பணம் நேரத்துக்கு வருகிறது. அவள் அதையா கேட்கிறாள்?

லீவு போட்டு ஓடி வராதே, புது கம்பெனி. தீபாவளிக்கு டிக்கெட் என்ன விலை என்று சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

போன் பண்ணு. ராத்திரியில் வேண்டாம், மாத்திரை போட்டதும் தூங்கிவிடுகிறாள். உனக்குக் காலை எட்டு என்றால் இங்கே பத்தரை, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். அடுத்த பரிசோதனை பழைய லேபில்தான். நானே கூட்டிப்போகிறேன், நீ எதையும் புக் பண்ணாதே.

உன் நைனா