சென்சிடிவ் சருமத்துக்கென்று விற்ற ‘பேரியர் ரிப்பேர்’ ஃபேஷியல் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பேரியர் (தோலின் மேலடுக்குக் காப்பு) பாதிக்கப்பட்ட முகத்தில் ஆவியும் ஸ்க்ரப்பும் கிளைகாலிக் பீலும் (அமிலத்தால் மேல்தோலை உரிக்கும் சிகிச்சை) செய்தது, அதனால் ஏற்பட்ட காயம், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா / ஐயா,

மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, உங்கள் கிளை ஒன்றில் ‘சென்சிடிவ் ஸ்கின் பேரியர் ரிப்பேர்’ என்ற நான்கு அமர்வுத் தொகுப்பின் முதல் அமர்வை எடுத்துக்கொண்டேன். நான்குக்கும் சேர்த்து முன்பணமாகவே கட்டியிருந்தேன். அன்று இரவே எரிச்சல் தொடங்கியது. பத்து நாள் விடவில்லை. இரண்டு கன்னங்களிலும் தோல் உரிந்தது, உரிந்த இடமெல்லாம் இப்போது கருமை படிந்து நிற்கிறது. உங்கள் உதவி எண்ணில் இருமுறை பேசினேன், படங்களும் அனுப்பினேன். வந்த பதில் இது: “ஃபோட்டோவுல சிவப்பு எதுவும் தெரியலையே மேடம். இது நார்மல் பர்ஜிங்தான், ரெண்டாவது சிட்டிங்ல சரியாயிடும்.” சிகிச்சை தொடங்கியதும் தற்காலிகமாகப் பரு கூடுவதைத்தான் பர்ஜிங் என்கிறார்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எழுத்தில் புகார் தருவது என்று முடிவெடுத்தேன்.

என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். என் சருமம் கெட்டதற்கு முதல் காரணம் நான்தான். டிரெட்டினாயினும் (பருவுக்குத் தரும் வைட்டமின் ஏ வகை மருந்து) ஆசிட் டோனரும் நுரைக்கும் ஃபேஸ்வாஷும் ஒரே காலத்தில் பயன்படுத்தினேன். ஒரு கட்டத்தில் வெறும் தண்ணீர் பட்டாலே முகம் காந்தியது. தோல் மருத்துவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, நுரைக்காத கிளென்சர், செராமைடு (தோலில் இயல்பாகவே உள்ள கொழுப்பு) சேர்த்த மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் என்று மூன்றோடு நிறுத்தினார். இரண்டு மாதம் பொறுமையாக இருந்ததில் முகம் அடங்கிவந்தது. அந்த நேரத்தில்தான் ‘பாதிக்கப்பட்ட பேரியரை நிபுணர்கள் சீராக்குவார்கள்’ என்ற உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். நம்பித்தான் வந்தேன்.

வந்தவுடன் தந்த படிவத்தை நிதானமாக நிரப்பினேன். ‘பேரியர் பாதிக்கப்பட்டு இரண்டு மாதமாகத் தேறிவருகிறது. வாசனை சேர்த்த பொருள்கள் ஒத்துக்கொள்ளாது. ஆசிட் வேண்டாம்’ என்று எழுதி, கடைசி இரண்டு சொற்களின் கீழே கோடும் போட்டேன். வரவேற்பில் இருந்தவர் படிவத்தை வாங்கி, கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார். நான் உள்ளே போனேன். படிவம் தட்டிலேயே இருந்தது.

உள்ளே முதலில் நுரைக்கும் கிளென்சர், சுழலும் பிரஷ்ஷோடு. அடுத்து ஆவி. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இயந்திரத்தை வைத்து எட்டு நிமிடம் விட்டார்கள். கன்னம் தகதகவென்று கொதித்ததும் “சூடு தாங்கல” என்றேன். “போர்ஸ் ஓப்பன் ஆகணும்ல மேடம்” என்றார் ஃபேஷியல் செய்த பெண். துவாரங்களுக்குத் திறந்து மூடக் கதவு எதுவும் கிடையாது. ஆவியால் மேல்தோல் ஊறும், ரத்த ஓட்டம் கூடும். அதற்குப் பிறகு எதைத் தடவினாலும் வழக்கத்தை விட வேகமாகவும் ஆழமாகவும் உள்ளே போகும். அப்படி ஊறிய தோலில் குருணை ஸ்க்ரப்பைத் தேய்த்து, அதன் மேல்தான் 30% கிளைகாலிக் அமிலத்தைப் பூசினார்கள்.

பூசும்போது அது ஆசிட் என்று எனக்குச் சொல்லப்படவில்லை. ‘பிரைட்டனிங் சீரம்’ என்றார்கள். விசிறி வடிவத் தூரிகை நெற்றியில் தொடங்கிக் கன்னத்துக்கு இறங்கியது. முதலில் குளுகுளுவென்றுதான் இருந்தது. அரை நிமிடத்தில் மூக்கோரம் சுருக்கென்றது. ஒரு நிமிடத்தில் கன்னம் முழுவதும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. “எடுத்துடுங்க, ரொம்ப எரியுது” என்றேன். “எரிஞ்சாதான் மேடம் வேலை செய்யுதுன்னு அர்த்தம், இன்னும் மூணே நிமிஷம்” என்று சின்ன மின்விசிறியை என் முகத்தருகே பிடித்தார். கண்ணில் நீர் வந்து கன்னத்தில் வழிந்தது, வழிந்த தடமும் எரிந்தது. டைமர் அடிக்கும் வரை அவர் துடைக்கவில்லை.

இந்த ‘எரிஞ்சாதான் வேலை செய்யுது’ என்ற பேச்சைத்தான் உங்கள் நிறுவனம் முதலில் நிறுத்த வேண்டும். யாருடைய சருமம் சென்சிடிவ் என்று கண்டுபிடிக்கத் தோல் மருத்துவர்கள் செய்யும் சோதனையே எரிச்சலை வைத்துத்தான். மூக்கோரத்து மடிப்பில் நீர்த்த லாக்டிக் அமிலத்தைத் தடவி, எவ்வளவு சுரீரென்கிறது என்று சில நிமிடம் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். 1977-இல் ஃப்ராஷும் கிளிக்மனும் வகுத்த முறை அது. அந்தச் சோதனையில் தெரியவேண்டியது அன்று உங்கள் கட்டிலில் படுத்திருந்த என் வாயிலிருந்தே வந்தது. உங்கள் பயிற்சி அதைச் சிகிச்சை பலிப்பதாக எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

பேரியர் என்ற சொல்லைத் தொகுப்பின் பெயரில் வைத்திருக்கிறீர்கள், அதனால் அது என்ன என்று உங்களிடம் எழுத வேண்டியிருப்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. மேல்தோலின் ஆக மேலே உள்ள அடுக்கு அது. முகத்தில் அதன் கனம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. இறந்த செல்கள் செங்கற்கள்போல் அடுக்கியிருக்க, இடையில் கொழுப்பு சாந்துபோல் நிரம்பியிருக்கும். அந்தச் சாந்தில் எடைக்கணக்கில் பாதியளவு செராமைடு, கால் பங்களவு கொலஸ்ட்ரால், மீதி பெரும்பாலும் கொழுப்பு அமிலங்கள். சாந்து உதிர்ந்த சுவரில் உள்ளிருக்கும் ஈரம் கசிந்து வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே இறங்கும். நுரைக்கும் சோப்பு அந்தச் சாந்தைக் கரைக்கிறது, ஸ்க்ரப் செங்கல்லைப் பெயர்க்கிறது. கிளைகாலிக் அமிலம் செங்கற்களுக்கு இடையிலுள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. பழ அமிலங்கள் என்று சொல்லும் வகையில் அதன் மூலக்கூறுதான் ஆகச் சிறியது, அதனால் விரைவாக உள்ளே போகிறது. நல்ல சருமத்தில் இவற்றுக்கு இடமிருக்கலாம். ஏற்கெனவே உதிர்ந்த சுவரில், ஒரே மணிநேரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக மூன்றையும் செய்துவிட்டு அதற்கு ரிப்பேர் என்று பெயர் வைப்பது எப்படிச் சரியாகும்?

இன்னொன்று. நான் கேட்டபின் காட்டிய புட்டியில் 30% என்று மட்டும் இருந்தது, பி.எச். அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) இல்லை. சதவீதத்தை மட்டும் பார்த்து ஒரு பீலின் வீரியத்தைச் சொல்ல முடியாது. பி.எச். 3.8 அளவில் இருந்தால் கிளைகாலிக் அமிலத்தில் பாதிதான் தோலுக்குள் இறங்கும் வடிவில் இருக்கும். அதற்குக் கீழே போகப்போக அந்தப் பங்கு கூடும். என் முகத்தில் பூசியது எந்த பி.எச்.சில் இருந்தது என்று கிளையில் யாருக்கும் தெரியவில்லை. பேட்ச் டெஸ்ட்டும் செய்யவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்து ஒன்றிரண்டு நாள் பார்த்திருந்தால் என் முகம் தப்பியிருக்கும்.

அன்று இரவு தலையணை உறை கன்னத்தில் பட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காலையில் முகம் விண்ணென்று இழுத்துப் பிடித்தது, வாய் திறந்து கொட்டாவிகூட விட முடியவில்லை. மூன்றாம் நாள் வலது கன்னத்தில் தோல் பொரிந்து, ஓரங்கள் தூக்கிக்கொண்டு நின்றன. மருத்துவர் பார்த்ததும் இது எரிச்சலூட்டும் பொருளால் வந்த தோல் அழற்சி என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். பர்ஜிங் என்றால் வழக்கமாகப் பரு வரும் இடங்களில் பரு கூடும். எனக்கு ஒரு பருகூட வரவில்லை. உரிந்ததும் எரிந்ததும்தான்.

‘ஃபோட்டோவில் சிவப்பு தெரியவில்லை’ என்பதற்கு வருகிறேன். நான் மாநிறம். என்னைப் போன்ற நிறத்தில் அழற்சி வெளிர்ந்த தோலில் தெரிவதுபோல் செக்கச்செவேலென்று தெரியாது. லேசான ஊதா, பழுப்பு, அல்லது கூடுதல் கருமையாகத்தான் தெரியும். பல நேரங்களில் தொட்டால் தெரியும் சூடுதான் ஒரே அடையாளம். அரிப்பை ஆராயும் சர்வதேச வல்லுநர் குழு 2017-இல் வெளியிட்ட வரையறையும், சென்சிடிவ் சருமம் பார்வைக்கு இயல்பாகவே இருக்கலாம் என்றும், எரிச்சல், சுரீரென்ற வலி, அரிப்பு போன்ற உணர்வுகள்தான் அதன் அடிப்படை என்றும் சொல்கிறது. சென்சிடிவ் சருமத்துக்கென்று தொகுப்பு விற்கும் நிறுவனம், வாடிக்கையாளர் எரிகிறது என்று சொன்னால் நம்ப வேண்டும். அழற்சிக்குப் பின் வரும் கருமையும் எங்கள் நிறத்தில்தான் அதிகம் படியும். மறைய மாதக்கணக்கில் ஆகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அன்று எனக்கு எது சரியான சிகிச்சையாக இருந்திருக்கும் என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், நுரைக்காத கிளென்சர், கையால் மெதுவாக ஒற்றி எடுப்பது, கிளிசரினும் செராமைடும் உள்ள வாசனையற்ற கிரீம், மேலே மெல்லிய வாசலின் பூச்சு. இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும். அதை விடவும் சரியானது, என் படிவத்தை ஒருவர் படித்துவிட்டு, “இன்னைக்கு எதுவும் வேணாம், தோல் இன்னும் தேறட்டும், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க” என்று அனுப்பியிருப்பது. அப்படி அனுப்பியிருந்தால் வாழ்நாள் முழுக்க உங்கள் வாடிக்கையாளராக இருந்திருப்பேன்.

எனக்கு ஃபேஷியல் செய்த பெண்ணைத் தண்டிக்க வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் எழுதியிருந்த வரிசைப்படிதான் அவர் செய்தார். எண்ணெய்ச் சருமம், வறண்ட சருமம், சென்சிடிவ் சருமம் மூன்றுக்கும் அந்த அட்டையில் முதல் நான்கு படிகள் ஒன்றுபோலவே இருந்தன. கடைசியில் போடும் மாஸ்க் மட்டும்தான் வேறு. தவறு அந்த அட்டையை எழுதியவர்களுடையது.

நான் கேட்பவை: நான்கு அமர்வுக்கும் கட்டிய தொகை முழுவதும், மருத்துவருக்கும் மருந்துக்கும் ஆன செலவும் திருப்பித் தரப்பட வேண்டும். வேறு தொகுப்பாக மாற்றித் தரும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். நான் நிரப்பிய படிவத்தின் நகல், அன்று பூசிய ஒவ்வொரு பொருளின் பெயர், உட்பொருள் பட்டியல், தயாரிப்பு பேட்ச் எண், பீலின் பி.எச்., முகத்தில் இருந்த நிமிடங்கள் ஆகிய எல்லாம் எழுத்தில் வேண்டும். என் மருத்துவர் கேட்டிருக்கிறார். ஆவியும் ஸ்க்ரப்பும் பீலும் இந்தத் தொகுப்பிலிருந்து நீக்கப்படும் வரை அதன் விற்பனையை நிறுத்துங்கள். பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இதே கடிதத்தோடும் படங்களோடும் நுகர்வோர் குறைகளை விசாரிக்கும் அமைப்பை அணுகுவேன்.

ஒன்று மட்டும் பதினைந்து நாள் காத்திருக்கக் கூடாது. நான் காத்திருந்த அறையில், கன்னமெல்லாம் திட்டுத்திட்டாக வறண்டிருந்த ஓர் இளம்பெண் இதே தொகுப்புக்கு முன்பதிவு செய்துகொண்டிருந்தார். அவரையும் அவரைப்போல் பதிவு செய்திருக்கும் மற்றவர்களையும் இன்றே தொலைபேசியில் அழைத்து, அவர்கள் படிவத்தில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டி, பீல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கட்டண ரசீது நகல், மருத்துவர் சீட்டு நகல், முதல் நாள் முதல் இருபதாம் நாள் வரை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள்.