மாடு குறுக்கே வந்தால் எந்த பிரேக், ஐயா?

போக்குவரத்துப் பொலிஸுக்குப் பொறுப்பான ஐயாமாருக்கு,

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் எங்கள் பிள்ளைகளின் பாடசாலையில் உங்கள் ஆட்கள் வைத்த வீதிப் பாதுகாப்புக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். அந்த வெயிலில் வந்ததற்கு முதலில் நன்றி.

முக்கால் மணித்தியாலமும் தண்டப்பணக் கணக்குத்தான். ஹெல்மட் இல்லாவிட்டால் எவ்வளவு, மூன்று பேர் ஏறினால் எவ்வளவு. அதிகாரி சிங்களத்தில் சொல்லச் சொல்லக் கணித ஆசிரியர் தமிழாக்கினார். பாவம், பாதியை விழுங்கிவிட்டார். பிறகு விபத்துப் படங்கள். முன்வரிசை கண்ணைப் பொத்தியது, பின்வரிசை சிரித்தது.

கடைசியில் உயர்தர வகுப்புப் பொடியன் ஒருவன் எழும்பினான். "சேர், இரவையில மாடு குறுக்க வந்தா முன் பிரேக்கையா, பின் பிரேக்கையா புடிக்கிற?" சிரித்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆசிரியர் கேள்வியைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி பொடியனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லைசன் தியனவாத?" (லைசன் இருக்கா?) என்றார். அதற்குத் தமிழாக்கம் தேவைப்படவில்லை. பொடியன் உட்கார்ந்துவிட்டான்.

அவன் வேடிக்கைக்குக் கேட்கவில்லை, ஐயா. 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்த பிறகு எங்கள் பிள்ளைகள் அக்கரையில் ஆரையம்பதிப் பக்கம் ரியூசனுக்குப் பைக்கில் போய்வருகிறார்கள். திரும்பும்போது இருட்டிவிடும். சூடு ஆறாத தார் ரோட்டில் கட்டாக்காலி மாடுகள் படுத்துக் கிடக்கும். கறுத்த ரோடு, கறுத்த மாடு. அறுபதில் வருகிறவன் ஒரு செக்கனில் 16 மீற்றர் தாண்டிவிடுவான். பயத்தில் முன் பிரேக்கை ஒரேயடியாக இறுக்கினால், வயலிலிருந்து லேண்ட் மாஸ்டர் உழவு மெசின் கொண்டுவந்து கொட்டிய மண்ணில் சில்லு வழுக்கிவிடும். இரண்டையும் சேர்த்துப் பிடி, முன் பிரேக்கை மெல்ல மெல்ல இறுக்கு என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். மைதானத்தில் ஓட்டிக் காட்ட இன்னும் பத்து நிமிடம். ட்ரையலில் எட்டுப் போட்டு லைசன் எடுத்த என் மூத்தவனுக்கும் இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பாடசாலைக்கு அனுப்புகிற அதிகாரிகளுக்கு, கற்பிக்கிறது எப்படி என்று முதலில் பயிற்சி கொடுங்கள். சட்டம் தெரிந்திருப்பது வேறு, வளர்ந்த பிள்ளைக்கு ஓட்டப் பழக்குவது வேறு. கல்லடியிலேயே பொலிஸ் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. தமிழ் அரசகரும மொழியானது 1987இல். இன்னும் எத்தனை கூட்டத்துக்குக் கணித ஆசிரியரை இரவல் வாங்குவீர்கள்?

ஒளிந்து நின்று பிடிப்பதில் உங்கள் ஆட்களை ஒரு குறையும் சொல்ல முடியாது. மதகுக்குப் பின்னால் நின்றாலும் தெரிவதில்லை. அதைப் பழக்கியவர் யாரோ, அவரையே இதற்கும் போடலாம். அந்த மாட்டுச் சொந்தக்காரர்களையும் ஒரு நாள் அப்படி ஒளிந்து நின்று பிடித்தால் புண்ணியமாகப் போகும். சரி, அது பிரதேச சபையின் வேலை என்பீர்கள். கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

அடுத்த தவணையும் வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வருகிறவருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்புங்கள், ஐயா. ஒரு பைக்கும் கொண்டுவரச் சொல்லுங்கள். மைதானத்தை நாங்கள் துப்புரவாக்கி வைக்கிறோம். அந்தப் பொடியனை முன்வரிசையில் இருத்துவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
படுவான்கரைத் தகப்பன் ஒருவன்