மச்சான், உன் இருமல் பத்தி கொஞ்சம் பேசணும்

மச்சான்,

எப்படிடா இருக்க, தங்கச்சி, பேரன் எல்லாரும் சௌக்கியமா. இங்க எல்லாரும் நல்லாருக்கோம், இந்த வருஷம் உளுந்து பரவால்ல, பொண்ணுக்கு ஒரு வரன் வந்துருக்கு, அது முடிவான உடனே போன் பண்றேன். இப்ப எழுத உக்காந்தது வேற விஷயத்துக்கு. போன வாரம் போன்ல பேசும்போது நடுவுல நடுவுல இருமிக்கிட்டே இருந்தல்ல, கேட்டா லேத் பட்டறை தூசுடான்னு சொல்லி பேச்ச மாத்திட்ட. எத்தன நாளா இருக்குன்னு கேட்டேன், ஒரு மாசம் இருக்கும்ன. நீ புகை புடிக்குறவன் வேற, அன்னைலருந்து எனக்கு அதே நெனப்பு தான், போன்ல சொன்னா பாதியில வெச்சுடுவ, அதான் எழுதுறேன், முழுசா படி.

நான் டிபி பிரிவுல இத்தன வருஷமா ஓடிக்கிட்டு இருக்கேன்னு உனக்கு தெரியும். போன மாசம் ஒரு கிராமத்துக்கு போயிருந்தேன், கொத்தனார் வேலை பாக்குறவரு, வயசு 46, சளியில கிருமி இருக்குன்னு வந்து மூணு மாசமா மாத்திரை சாப்புடுறாரு. சின்ன ஓட்டு வீடு, உள்ள போனா செவுத்துல ஆணி அடிச்சு ஒரு மஞ்சப்பை தொங்குது, அதுல மாத்திரை அட்டை, அதே பைக்குள்ள அட்டைய ஒட்டுன மாதிரி ஒரு பீடிக்கட்டு. அந்தம்மா மாத்திரைய எடுத்து என்கிட்ட காட்டும்போது பீடிக்கட்டு கீழ விழுந்துடுச்சு, அவங்களே குனிஞ்சு எடுத்து திரும்ப பையில போட்டாங்க, ஒளிக்கணும்னு கூட தோணல அவங்களுக்கு, ரெண்டும் அவரோட சாமான், அவ்ளோதான். நான் என்னங்க இன்னும் பீடியான்னு கேட்டேன். அவரு கேட்டாரு பாரு, "சார், பீடி புடிச்சா கேன்சர் தான வரும், எனக்கு டிபி தான சார், அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?"

மச்சான், எனக்கு பதில் சொல்ல வாய் வரல கொஞ்ச நேரம். அவர குத்தம் சொல்லவே முடியாது. தியேட்டர்ல, டிவில, பாக்கெட் மேல, எங்க பாத்தாலும் கேன்சர் தான காட்டுறோம். 2016லருந்து பாக்கெட்டோட முன்னாடி பின்னாடி 85 சதவீத எடத்துல படத்தோட எச்சரிக்கை போடணும்னு கொண்டு வந்தாங்க, நல்லது தான், ஆனா டீக்கடையில ஒண்ணு ரெண்டுன்னு சில்லறையா வாங்கி பத்த வெக்கிறவன் பாக்கெட்ட எங்க பாக்குறான், நீயும் அப்படித்தான வாங்குற.

இதுல எனக்கு தாங்காத விஷயம் என்னன்னா அந்த கொத்தனார் கேட்ட கேள்விக்கு பதில நம்ம மண்ணுலயே கண்டுபுடிச்சு வெச்சிருக்காங்கடா. சென்னையிலயும் நம்ம விழுப்புரம் பக்கத்து கிராமங்கள்லயும் 1990கள் கடைசியில எறந்துபோன ஆம்பளைங்க 43,000 பேரப் பத்தி அவங்க வீட்டுக்காரங்ககிட்ட விசாரிச்சாங்க, என்னா வந்து எறந்தாரு, பீடியா சிகரெட்டா, புடிப்பாரா மாட்டாரான்னு. உயிரோட இருக்குற 35,000 ஆம்பளைங்களயும் விசாரிச்சு ரெண்டையும் ஒப்பிட்டாங்க. சென்னை டாக்டர் கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி ரிச்சர்ட் பீட்டோ இவங்கல்லாம் சேர்ந்து செஞ்சது, 2003ல லான்செட்ங்குற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு. புகை புடிச்சவங்க டிபியில சாகுறது புடிக்காதவங்கள விட நாலு மடங்குக்கும் மேல. நம்ம நாட்டுல டிபியில சாகுற ஆம்பளைங்கள்ல பாதி பேரோட சாவுக்கு புகை ஒரு காரணம். பாதி பேருடா. சென்னைக் கணக்குல புகையால கூடுதலா வந்த சாவுங்கள பிரிச்சு பாத்தா மூணுல ஒண்ணு மூச்சு சம்பந்தப்பட்டது, அதுல டிபி தான் முக்கியம், இன்னொரு மூணுல ஒண்ணு மாரடைப்பு பக்கவாதம் மாதிரி ரத்தக்குழா வியாதி, நாம சத்தம் போட்டு பயமுறுத்துற கேன்சர் பத்துல ஒண்ணு மாதிரி தான் வருது. இது வந்து இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு, எந்த ஜனங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து இந்த பதில வாங்கிட்டு போனாங்களோ அந்த ஜனங்களுக்கு யாரும் திரும்ப வந்து ஒழுங்கா சொல்லல, எங்க ஆளுங்களையும் சேத்து தான் சொல்றேன்.

அவருக்கு நான் இப்படி சொன்னேன். மூச்சுக்குழா உள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன முடி இருக்கு, தொடப்பம் மாதிரி சளிய, தூச, கிருமிய மேல தள்ளிக்கிட்டே இருக்கும், புகை அந்த தொடப்பத்த முடக்கி போட்டுடுது, நுரையீரல்ல காவலுக்கு இருக்குற அணுக்களையும் பலவீனம் ஆக்கிடுது. நம்மள்ல நிறைய பேர் நெஞ்சுல டிபி கிருமி எப்பவோ பூந்து தூங்கிக்கிட்டு தான் இருக்கு, காவல் சரியா இருக்குற வரைக்கும் அது எந்திரிக்காது, புகை உள்ள போயி காவல் அசந்தா எந்திரிச்சிடும்னு. அந்தம்மா கேட்டுக்கிட்டே இருந்துட்டு பையிலருந்து பீடிக்கட்ட எடுத்து வெளிய எங்கயோ கொண்டு போனாங்க. அவரு விட்டாரான்னா இன்னும் முழுசா விடல, நாளுக்கு மூணுல வந்து நிக்குறாரு, இந்த வாரம் திரும்ப போறேன்.

பீடி தான மச்சான் சாதாரணம்னு நீ ஒரு தடவ சொல்லிருக்க. 2008ல நாடு முழுக்க 11 லட்சம் வீடுகள்ல எடுத்த இன்னொரு ஆய்வு வந்துச்சு, பீடி புடிக்குற ஆம்பளைக்கு ஆயுசுல சுமார் ஆறு வருஷம் போகுது, சிகரெட்டுனா பத்து வருஷம். ரெண்டுல எது சாதாரணம்னு நீயே சொல்லு.

லண்டன்ல ரிச்சர்ட் டால்னு ஒரு டாக்டர் இருந்தாரு. நுரையீரல் கேன்சர் ஏன் இப்படி கூடிக்கிட்டே போகுதுன்னு தேட ஆரம்பிச்சப்ப அவரோட சந்தேகம் தார் ரோடு மேலயும் காரு புகை மேலயும் தான் இருந்துச்சு, உன் லேத் பட்டறை தூசு மாதிரி. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா நோயாளிங்கள கேட்டு வந்த கணக்கு சிகரெட்ட காட்டுச்சு, அந்த ஆய்வு முடியறதுக்குள்ளயே அவரு தன்னோட சிகரெட்ட விட்டுட்டாரு. அப்புறம் 1951ல பிராட்ஃபோர்ட் ஹில்னு ஒரு புள்ளிவிவரக்காரரும் அவரும் இங்கிலாந்து டாக்டருங்களுக்கே லெட்டர் போட்டு நீ புடிக்கிறியான்னு கேட்டாங்க, சுமார் 40,000 பேர் பதில் போட்டாங்க, அதுல ஆம்பளைங்கள 50 வருஷம் விடாம பின்தொடர்ந்தாங்க. 2004ல வந்த முடிவ உனக்காக தனியா எழுதி வெச்சிருக்கேன்: 30 வயசுல விட்டா பத்து வருஷம் திரும்ப கெடைக்குது, 40ல விட்டா ஒம்போது, 50ல ஆறு, 60ல விட்டா கூட மூணு. நமக்கு 59 ஆகுதுடா. இனிமே விட்டு என்னா ஆவப்போகுதுன்னு போன பொங்கலுக்கு நீ சொன்னல்ல, அதுக்கு தான் இது. மூணு வருஷத்துல உன் பேரன் ஸ்கூல் பை மாட்டிக்கிட்டு ரெண்டாங்கிளாஸ் போவான்.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளி டெஸ்ட் எடுக்கணும், இது எங்க வேலையில மொதல் பாடம். அங்க பக்கத்து கிளினிக்ல சிரப் எழுதி குடுத்து அனுப்பிட்டாங்கன்னியே, அத நம்பி உக்காராத. கவர்மென்ட் ஆஸ்பத்திரில டெஸ்ட்டும் ஃப்ரீ, எக்ஸ்ரேயும் எடுப்பாங்க, டிபியாவே இருந்தாலும் மாத்திரை ஃப்ரீ, ஒழுங்கா சாப்புட்டா சரியாயிடும், அத நெனச்சு பயப்படாத. புகைய விடுறதுக்கு 1800 11 2356னு ஒரு நம்பர், காசு கெடையாது, பாக்கெட்லயே போட்டுருக்கும், பேசி உதவி பண்ணுவாங்க.

திங்கக்கிழமை காலைல எந்திரிச்ச உடனே வர்ற சளிய டப்பாவுல எடுத்துட்டு போ, எச்சில் இல்ல, நெஞ்சுலருந்து வர்ற சளி. தங்கச்சிகிட்ட நான் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் பண்ணி ஞாபகப்படுத்துறேன். ரிசல்ட் வந்ததும் என்னா வந்தாலும் எனக்கு மொதல்ல சொல்லு.

உன்
மச்சான்