மச்சாள், நாலையும் ஒண்டாத் தூக்காத

கல்லடி, மட்டக்களப்பு
ஐப்பசி, ஞாயிறு

அன்பின் மச்சாளுக்கு,

உன்ட வொய்ஸ் எல்லாம் கேட்டன். அமெரிக்காவில நேர்சிங்குக்குள்ள போறதுக்கு வேண்டிய நாலு பாடத்த இந்தத் தவணை ஒண்டா எடுத்துட்டு, வேலையும் செஞ்சு கொண்டு, ஏலாமக் கிடக்கு என்டு அழுதிருக்கிறாய். பதிலும் வொய்ஸாவே அனுப்பினா நீ வேலைக்குப் போற வழியில அரைவாசி கேட்டுட்டு விட்டிருவாய். அதான் இருந்து எழுதுறன். ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி முடிச்சு வந்து குளிச்சு, ஒரு நித்திரையும் போட்டாச்சு. அம்மா உள்ள பிட்டு அவிக்கிறா. நான் உனக்கு எழுதுறன் என்டதும், "அந்தப் புள்ள ஒழுங்காச் சாப்பிடுதா என்டு கேளு" என்டா. கேட்டுட்டன்.

முதல்ல ஊர்ப் புதினம். அப்பா படுவான்கரை வயலில நிக்கிறார், விதைப்பு நடக்குது. மழை பிடிச்சிட்டு. இப்பிடியே பெஞ்சா வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரம் வெட்டுற கதையும் வழமை போல தொடங்கிரும். நம்மளோட பயோ படிச்ச வாழைச்சேனைப் புள்ள இருக்காளே, எல்லாருக்கும் முதல் கைய உசத்துறவள், அவள் இங்கிலாந்துக்கு நேர்ஸாப் போய்ட்டாள். 2022ல பெட்ரோல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடுமாக் கிடந்த காலத்தில இருந்து ஒவ்வொருத்தராப் போறாங்க. இஞ்ச நிக்கிற நமக்கு ரோஸ்டர் இறுகுது. "நீயும் போவன்" என்டு அம்மா இடைக்கிடை சொல்லுவா. நான் காதில போடுறதில்ல.

சரி, உன்ட விசயத்துக்கு வாறன்.

நீ அனுப்பின டைம் டேபிளக் கடதாசியில எழுதிக் கூட்டிப் பார்த்தன். அனாட்டமி பிசியாலஜி (உடம்பின்ட அமைப்பும் இயக்கமும்) ரெண்டாம் பகுதி, மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி மூண்டுக்கும் நாலு நாலு கிரெடிட். ஸ்டட்டிஸ்டிக்ஸுக்கு மூணு. மொத்தம் 15. ஒரு கிரெடிட்டுக்குக் கிழமையில ஒரு மணித்தியாலம் வகுப்பு, ரெண்டு மணித்தியாலம் வெளியில படிப்பு என்டுதான் அங்க கணக்கு வெச்சிருக்காங்க. அப்ப 45 மணித்தியாலம். லேப் இருக்கிற பாடத்துக்கு இன்னும் கூடும். அதுக்கு மேல முதியோர் இல்லத்தில 12 மணித்தியால நைட் மூண்டு, அது 36. ரெண்டும் சேர்ந்து 81. கிழமையில இருக்கிறதே 168. நாளுக்கு ஏழு மணித்தியாலம் நித்திரை கொண்டா 49 போயிரும். மிச்சம் 38. அதுக்குள்ள சமையல், மகன்ட பள்ளிக்கூடம், கார் ஓட்டம், உடுப்புக் கழுவுறது, மாமியோட போன் கதை எல்லாம் அடங்கோணும். நீ எதில கைய வெச்சிருப்பாய் என்டு சொல்லவா வேணும்? நித்திரையிலதான்.

மறுகா, "எனக்கு மூளை மழுங்கிட்டுது, வாசிச்சது ஒண்டும் நிக்குதில்ல" என்டு அழுறாய். படிச்சது மனசில படியிறதே நித்திரையிலதான்கா. நித்திரைய வெட்டிப் போட்டு மூளையக் குத்தம் சொல்லாத.

என்ட அபிப்பிராயத்தச் சுத்தி வளைக்காமச் சொல்றன். மைக்ரோபயாலஜிய இந்தத் தவணை விடு. ஏன் அத எண்டா, அனாட்டமி முதல் பகுதி இன்னும் சூடாறல்ல, ரெண்டாம் பகுதிய இப்பவே முடிக்கிறது புத்தி. கெமிஸ்ட்ரி நாம ஏ.எல்.லில உருண்டு பிரண்டது. தமிழில படிச்சத இங்கிலீசில திருப்பிப் படிக்கிற சள்ளை இருந்தாலும் விசயம் புதுசில்ல. ஸ்டட்டிஸ்டிக்ஸுக்கு லேப் இல்ல. மைக்ரோதான் புதுசு புதுசா மனப்பாடம், அதோட அந்தத் தெரியாத பக்டீரியாவக் கண்டுபிடிக்கிற லேப் வேலை. அது தை மாதத் தவணைக்குப் போகட்டும்.

விலகுறதுக்கு ஒரு கடைசித் திகதி இருக்கும், அதுக்கு முதல் விலகினா பெறுபேற்றுத் தாளில 'டபிள்யூ' என்டு விழும், ஜி.பி.ஏ. என்ட சராசரிப் புள்ளியில சேராது. அத ஃபெயில் மாதிரி நினைச்சுக் கொண்டிருக்கிறாய் போல. இல்ல. ஆனா ஒண்டு, 15ல நாலு போனா 11. முழுநேர மாணவி என்ட கணக்கு 12ல இருக்கு. நீ கிரீன் கார்ட்டில இருக்கிறதால மாணவர் விசாக்காரருக்கு வாற பிரச்சினை உனக்கு வராது. ஆனா படிப்புக்கு எடுக்கிற உதவிப் பணத்தில கை வைக்கலாம். அந்த அலுவலகத்தில நேர போய்க் கேட்டுட்டு, அவங்க சொல்றத எழுதி எடுத்துட்டு, அதுக்குப் பிறகு விலகு. கோவத்தில ஒரு இரவோட இரவா வெப்சைட்டில அமத்திப்போடாத.

நீ பிந்திருவன் என்டு பயப்பிடுறாய். எதுக்குப் பிந்துறாய்? இது நேர்சிங் இன்னும் தொடங்கவே இல்லாத படிப்பு. உள்ள போறதுக்கான வாசல். அந்த வாசலில நிக்கிறவங்க இந்த விஞ்ஞானப் பாடங்களில எடுத்த புள்ளியத்தான் முதல்ல பார்க்கிறாங்க. கன இடத்தில 'சி' இருந்தா விண்ணப்பிக்கலாம், ஆனா இடம் கொஞ்சம், ஆள் கூட. நாலில ரெண்டு 'சி' எடுத்து ஓடிப் போறவளவிட, மூண்ட நல்லாச் செஞ்சிட்டு ஒரு தவணை பிந்திப் போறவளுக்குத்தான் வாய்ப்பு. பிறகு நேர்சிங்குக்குள்ள போறதுக்கு எழுதுற அந்த டீஸ் பரீட்சையும் கிடக்கு, 170 கேள்வி, 209 நிமிசம். அதிலயும் விஞ்ஞானப் பகுதியில கூடப் பங்கு உடம்பப் பத்தினது. இப்ப ஆறுதலாப் படிக்கிற அனாட்டமி அங்கயும் உதவும்.

இன்னொரு விசயம். "நீங்க எல்லாம் ஹொஸ்டலில இருந்து எல்லாப் பாடத்தையும் ஒண்டாத்தானே படிச்ச நீங்க, எனக்கு மட்டும் ஏன் ஏலாது" என்டு கேட்டாய். இதப் பத்தி நான் கனக்க யோசிச்சன். நாங்க தாதியர் பயிற்சியில மூணு வருசம் படிச்சது உண்மை, வாட்டும் வகுப்புமா முறிஞ்சதும் உண்மை. ஆனா படிக்கேக்கயே அரசாங்கம் கொடுப்பனவு தந்தது. வாடகை இல்ல, புள்ள இல்ல. எந்தப் பாடம் எப்ப என்டு நான் ஒரு நாளும் முடிவெடுக்கல்ல, மேல இருந்து வந்ததுக்குத் தலைய ஆட்டினன். எல்லாத்தையும் விட, இரவில அழுதா பக்கத்துக் கட்டில்காரி எழும்பி "என்னகா?" என்டு கேப்பாள். கேக்காட்டியும் தேத்தண்ணி ஊத்திட்டு வருவாள். பரீட்சைக்கு முதல் நாள் ஒருத்தி மண்டையோட்டு நரம்பு பன்னிரண்டையும் சொல்ல, மத்தவள் பிழை பிடிப்பாள்.

உனக்கு அங்க அது இல்ல. நீ கார் பார்க்கில இருந்து அழுதுட்டு முகத்தத் துடைச்சிட்டு வீட்டுக்குள்ள போறாய். மச்சான் சாப்பாட்டு மேசையில காண்றது சிரிச்ச முகம். பாடம் கூடினது ஒரு பங்குதான், அதத் தனியாத் தூக்குறது மத்தப் பங்கு என்டுதான் எனக்குப் படுது. மச்சானிட்டச் சொல்லு. "நீயாத்தானே விரும்பி எடுத்தாய்" என்டு முதல் சொல்லுவார், ஆம்பிளையள் அப்பிடித்தான், பொறு. இந்த 168 மணித்தியாலக் கணக்க அவருக்கு முன்னால வெய்யி. கணக்கு அவருக்கு விளங்கும். வகுப்பிலயும் ரெண்டு பேரப் பிடி. நீ சொன்ன அந்தப் பிலிப்பைன்ஸ் அக்கா நல்ல ஆள் போல இருக்கு, அவவோட கிழமையில ஒருக்கா இருந்து ஒருத்தர ஒருத்தர் கேள்வி கேளுங்க. புத்தகத்தத் திருப்பித் திருப்பி மஞ்சள் கோடு போடுறதவிட, மூடி வெச்சிட்டு வெறுந்தாளில எழுதிப் பார்க்கிறது கன மடங்கு திறம்.

இனி ஆஸ்பத்திரி மிஸ்ஸாக் கதைக்கிறன், கோவிக்காத. மனச்சோர்வப் பார்க்கிறதுக்கு ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாள் இருக்கு, பி.எச்.கியூ. ஒன்பது என்டு சொல்லுவம். உங்கட கொலிஜ் மருத்துவ நிலையத்திலயும் அதத்தான் தருவாங்க. கடைசி ரெண்டு கிழமையப் பத்திக் கேக்கும்: நித்திரை, பசி, களைப்பு, ஒண்டிலயும் விருப்பமில்லாமப் போறது, தன்னத் தானே தோத்துப்போனவள் என்டு நினைக்கிறது. நீ சொன்னதுகளில பாதி அதில இருக்கு. புள்ளி பத்தோ அதுக்கு மேலயோ வந்தா ஆளக் கண்டு கதைக்கோணும். ஒன்பதாவது கேள்வி, செத்தாப் பரவாயில்ல என்ட நினைப்பு வருதா என்டது. அத நான் உன்னட்ட நேராவே கேக்கிறன். கேக்கிறதால அந்த நினைப்பு வந்திராது, வாட்டில இதத்தான் படிப்பிச்சாங்க. வந்தா அந்த நிமிசமே 988க்கு அடி, அது பகல் இரவு எந்நேரமும் வேலை செய்யும், மெசேஜும் போடலாம். அடிச்சிட்டு எனக்கும் அடி. இஞ்ச நம்மட ஆக்களுக்கு நான் 1926ஐக் குடுக்கிறன், நாட்டுக்கான மனநல உதவி இலக்கம் அதுதான்.

கொலிஜில உளவளத்துணை இருக்கா என்டு பார். அநேகமா மாணவருக்குக் காசில்லாம இருக்கும். போனா பெறுபேற்றுத் தாளில அது வராது. நீ தயங்குறது எதுக்கு என்டு எனக்குத் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடி, கல்லடி ஆக்கள் இருந்த முகாமுக்கெல்லாம் வந்து புள்ளைகளக் கூட்டி வெச்சுப் படம் கீறச் சொன்னாங்களே. உன்ட பெரியம்மா "நம்மட புள்ளைக்கு என்ன பைத்தியமா" என்டு உன்ன இழுத்துட்டுப் போனா. நான் இருந்து கீறினன். அதால நான் பெரிய ஆளாகல்ல, ஆனா கதைக்கிறதுக்கு வெக்கமில்லாமப் போச்சு. வாட்டில மனநலக் கிளினிக்குக்கு வாறவங்களில ரீச்சர்மார், பொலிஸ்காரர், நேர்ஸ்மார் எல்லாரும் இருக்காங்க. வாழ்க்கை முழுக்க மத்தவங்களப் பார்க்கப் போறவள், தனக்கு ஒண்டெண்டா வரிசையில நிக்கப் பழகத்தான் வேணும்.

நைட் மூண்ட ரெண்டாக்க ஏலுமா? காசு எப்பிடி வரும் என்டு நீ கேப்பாய். பதில் எனக்குத் தெரியாது, அத மச்சானோட இருந்து கணக்குப் பாருங்க. ஆனா மைக்ரோ விலகுறதுக்கு முதல் அதச் செய்ய நினைக்காத. முதல் பாடம், பிறகு வேலை.

வாற ஞாயிறு உனக்கு இரவு 9 மணிக்கு எடு. இஞ்ச திங்கள் காலை 6.30, எனக்கு அண்டைக்கு டியூட்டி இல்ல. அதுக்குள்ள உதவிப் பண அலுவலகத்தில என்ன சொன்னாங்க என்டு கேட்டு வெய்யி. அதப் பத்தித்தான் முதல்ல கேப்பன்.

மார்கழியில நம்மட தெரு ஆள் ஒருத்தர் நியூ ஜேர்சிக்கு வாறார். முந்திரியும் அம்மாட மிளகாய்த்தூளும் குடுத்து விடுறன். மகனுக்கு உடுப்பு எடுக்கிறதெண்டா அளவ அனுப்பு, போன முறை மாதிரி "ஆறு வயசு" என்டு மட்டும் சொல்லிப்போடாத.

உன்ட மச்சாள்